ஒரு ரிங் விட்டு கட் பண்ணு: பட்டன் போன் காலத்து மதுரை

9842 என்றால் ஏர்செல். 9843 என்றால் பி.பி.எல். 9894 ஏர்டெல், 9443 பி.எஸ்.என்.எல். இருபது வருஷத்துக்கு முன்னால் மதுரைப் பக்கம் செல்போன் வைத்திருந்த யாரை எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். நம்பரின் முதல் நாலு இலக்கத்தை வைத்தே அது எந்தக் கம்பெனி, பேசினால் நிமிஷத்துக்கு எவ்வளவு போகும், கார்டில் கிடக்கிற காசு எத்தனை நிமிஷம் தாங்கும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டுத்தான் பச்சைப் பட்டனை அமுக்குவோம். 9840, 9841 என்று வந்தால் மெட்ராஸ் நம்பர். அதற்குக் கணக்கே வேறு.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என் சித்தப்பா எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர், கரகரவென்று பில் அடிக்கிற சின்னப் பிரிண்டர். நாலைந்து வருஷத்தில் கூண்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ரீசார்ஜ் கடை போட்டார். அப்புறம் கடையின் ஒரு மூலையில் சர்வீஸ் மேசையும் வந்தது. கல்லூரி விட்டு வந்த சாயங்காலங்களில் நான் அந்தக் கடையில்தான் கிடந்தேன். அங்கே உட்கார்ந்து பார்த்ததையும், அது ஏன் அப்படி இருந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

காமிரா இல்லை, நெட் இல்லை, ஆப் இல்லை என்று இல்லாதவற்றை அடுக்கித்தான் இன்று பட்டன் போனை விவரிக்கிறார்கள். எனக்கு அது பொருந்தாத விவரிப்பாகப் படுகிறது. மீட்டர் எந்த நொடியில் ஓட ஆரம்பிக்கிறது, டவர் எந்த மேட்டோடு நின்றுபோகிறது, ஒரு மெசேஜில் எத்தனை எழுத்து அடங்கும் என்று எங்கள் பக்கத்து ஜனங்கள் ஒவ்வொரு எல்லையையும் கச்சிதமாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். அந்த எல்லைக்குள்ளேயே தங்களுக்கென்று ஒரு பாஷையைச் செய்துகொண்டார்கள். அதைக் கம்பெனிக்காரர் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து பேச, டெல்லியில் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம் எடுத்தார். அன்றைக்கு நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. கூப்பிடுகிறவருக்கு மட்டும் ஆகிற செலவென்றும் சொல்ல முடியாது. எடுக்கிறவருக்கும் காசு போகும். அதனால் ஆரம்பத்தில் செல் வைத்திருந்த ஜவுளிக்கடை முதலாளிகளும் காண்ட்ராக்டர்களும் டாக்டர்களும் மணி அடித்தால் எடுக்க மாட்டார்கள். நம்பரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, கட் பண்ணிவிட்டு, பக்கத்துப் பூத்துக்கு வந்து அந்த நம்பருக்குப் பேசுவார்கள். சித்தப்பாவின் பூத்துக்கு வந்த முதல் செல்போன் வாடிக்கையாளர்கள் இவர்கள்தான். சட்டைப் பையில் போன் இருக்கும். பேச்சு எங்கள் கூண்டுக்குள் நடக்கும்.

அரசாங்கம் நாட்டை வட்டம் வட்டமாகப் பிரித்து லைசென்ஸ் கொடுத்திருந்தது. சென்னை தனி வட்டம், மீதித் தமிழ்நாடு இன்னொரு வட்டம். சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டு கம்பெனிகள். நம் பக்கம் பி.பி.எல்., 1999ல் அதற்குப் போட்டியாக ஏர்செல். ஒரே மாநிலம் என்று பேர்தான், மதுரை சிம்மை எடுத்துக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கினால் ரோமிங், அதாவது வேற்று வட்டத்துக்கான கூடுதல் கட்டணம். மெட்ராஸில் வேலை பார்த்த மதுரைப் பையன்கள் பலர் இரண்டு சிம் வைத்திருந்ததற்கு இதுதான் காரணம். பர்சுக்குள் ஒரு சிம்மைப் பேப்பரில் மடித்து வைத்திருப்பார்கள். ரயில் தாம்பரம் தாண்டினால் மாற்றிப் போடுவார்கள்.

விலை இறங்கியதற்கு மூன்று நான்கு காரணங்கள் உண்டு. கம்பெனிகள் ஏலத்தில் ஒப்புக்கொண்ட லைசென்ஸ் கட்டணம் கட்ட முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. 1999ல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கை அதை மாற்றி, வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும் என்றாக்கியது. 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். செல் சேவையில் இறங்கியது. அந்த டிசம்பரில் ரிலையன்ஸ் வந்தது. மறு வருஷம் ஜூலையில் 501 ரூபாய் கட்டினால் போன் கையில், மீதியைத் தவணையில் கட்டலாம் என்று அறிவித்தது. அந்தப் போனில் சிம் கிடையாது. நம்பர் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும். இதற்கெல்லாம் நடுவில், 2003 மே மாதம், இன்கமிங் இலவசமானது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் அதுதான். அதுவரை போன் வைத்திருப்பதே செலவாக இருந்தது. அன்றிலிருந்து, கையில் பைசா இல்லாதவரும் ஒரு போனை வைத்துக்கொண்டு உலகத்துக்குக் காது கொடுத்து உட்காரலாம் என்றானது. கூலி வேலைக்குப் போகிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் கடைக்கு வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

மிஸ்டு கால் பிறந்ததும் இந்த இடத்தில்தான்.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஓர் அம்மா கடைக்கு வருவார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பூ கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்புகிறவர். இடுப்பில் சுருக்குப்பை, அதற்குள் போன்.

"தம்பி, எம் மகனுக்கு ஒரு ரிங் விட்டு கட் பண்ணுப்பா. அவன் எடுத்துறப் போறான், சூதானமா பாத்துக்க."

"காசு எவ்வளவு இருக்குன்னு பாக்கவா ஆத்தா?"

"அது கெடக்கு ரெண்டு ரூவா. அத எதுக்குத் தொடணும்?"

ஒரே ஒரு ரிங். மகன் செக்கானூரணியில் சைக்கிளோடு நிற்பான். ஒரு ரிங் வந்தால் அம்மா திருமங்கலத்தில் பஸ் ஏறிவிட்டார் என்று பொருள். இரண்டு ரிங் வந்தால் பஸ் இல்லை, நேரமாகும். மூன்றாவது ரிங்கும் விடாமல் அடித்தால் ஏதோ விசேஷம், எடுத்துப் பேச வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அதுதான் அகராதி. பக்கத்து வீட்டு அகராதி வேறாக இருக்கும்.

அந்த ஒரு ரிங்குக்குப் பின்னால் நடக்கிற வேலை கொஞ்சநஞ்சமில்லை. நாம் நம்பரை அடித்துப் பச்சைப் பட்டனை அமுக்கியதும் போன் பக்கத்து டவரிடம் ஒரு வழி கேட்கிறது. டவர் அதைக் கம்பெனியின் சுவிட்சுக்கு, அதாவது அழைப்புகளை இணைக்கிற இயந்திரத்துக்கு, அனுப்புகிறது. மகனின் சிம் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று சுவிட்ச் ஒரு பதிவேட்டில் தேடுகிறது. போன் சும்மா பையில் கிடக்கும்போதும், ஒரு வட்டாரத்தைத் தாண்டி இன்னொன்றுக்குள் போகிறபோதெல்லாம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அந்தப் பதிவேட்டுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். தேடிக் கண்டுபிடித்ததும் அந்த வட்டாரத்து டவர்கள் எல்லாம் அந்தச் சிம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடுகின்றன. மகனின் போன் பதில் சொன்ன பிறகுதான் மணி அடிக்கிறது. இவ்வளவும் முடிந்தாலும் ஒரு பைசா கிடையாது. எதிர்முனையில் பட்டனை அமுக்கி எடுத்த நொடியில்தான் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். எடுக்காவிட்டால் கம்பெனிக்குச் செலவு உண்டு, வரவு இல்லை. கோடிக்கணக்கான பேர் சேர்ந்து கண்டுபிடித்த இலவசத் தந்தி அது. சேதி என்னவென்பது மட்டும் முன்கூட்டியே இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தவறி எடுத்துவிட்டால் வீட்டில் சண்டைதான். கட்டணம் அப்போது நிமிஷக் கணக்கு. இரண்டு நொடி பேசினாலும் முழு நிமிஷத்துக்குக் காசு போய்விடும். "ஏன்டா எடுத்த?" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கும். எடுத்ததுதான் எடுத்தாயிற்று, மிச்சம் 58 நொடியையும் பேசித் தீர்த்துவிடுவோம் என்று ஊர்க்கதை எல்லாம் பேசுவதும் உண்டு. 59வது நொடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட் பண்ணுவார்கள். 2009ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று ஆரம்பித்து, மற்றவர்களும் அதே வழிக்கு வந்தபோதுதான் இந்தப் பழக்கம் மெல்ல மறைந்தது.

யார் யாருக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம் என்பதிலும் எங்கள் ஊருக்கு ஒரு முறை இருந்தது. கட்டிக்கொடுத்த தங்கச்சி அண்ணனுக்குக் கொடுக்கலாம். அது அவளுடைய உரிமை, அவன் திரும்பக் கூப்பிட்டே ஆக வேண்டும். மருமகன் மாமனாருக்குக் கொடுத்தால் மரியாதைக் குறைவு. சம்பந்தி வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுத்து, "எங்களுக்கு ஒரு ரூவாக்கூட பெறாதா?" என்று பெரிய பேச்சாகி, அதை ஆற்றுவதற்கு இரண்டு பெரிய மனுஷர்கள் நேரில் போய் வந்த கதை எனக்குத் தெரியும். சீர்வரிசையில் பார்க்கிற அத்தனை நுணுக்கத்தையும் ஜனங்கள் அந்த ஒரு ரிங்குக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

ரீசார்ஜ் கடையைப் பற்றி வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். ஈசி ரீசார்ஜ் வந்தபோது வாடிக்கையாளர் தன் நம்பரைச் சொல்ல, கடைக்காரர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டு மேசைமேல் திறந்தே கிடக்கும். பெண்பிள்ளைகளின் நம்பர் அங்கிருந்துதான் வெளியே போனது. ராத்திரி பத்து மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து மிஸ்டு கால் வரும். விடாமல் வரும். வீட்டில் போனைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள்; தண்டனை அந்தப் பிள்ளைக்கு. எங்கள் கடைக்கு வந்த ஒரு நர்சிங் மாணவி, "அண்ணே, நானே அடிச்சுக்கிறேன், நோட்ல எழுதாதீங்க" என்று சொன்ன அன்றைக்கே சித்தப்பா நோட்டைக் கிழித்துப் போட்டார். அதன்பிறகு யார் வந்தாலும் கடைப் போனை அவர்கள் கையில் கொடுத்து நம்பரை அடிக்கச் சொல்லிவிட்டு, இவர் தொகையை மட்டும் போடுவார்.

இனி மெசேஜுக்கு வருகிறேன். ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 எழுத்து என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் 160? குறுஞ்செய்திக்கென்று தனியாகப் பாதை போடவில்லை. அழைப்பைச் சேர்த்துவைக்கிற வேலைக்காக டவருக்கும் போனுக்கும் நடுவில் ஓடுகிற அந்தச் சின்னப் பாதையிலேயே, இடம் காலியாக இருக்கும்போது செய்தியையும் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பொட்டலத்தின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்று வைத்ததால் 160 எழுத்து பிடித்தது. 160 போதுமா என்று ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் தட்டச்சுப் பொறியில் வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்து முடிவுசெய்தார். தமிழ் வாக்கியம் எதையும் அவர் அடித்துப் பார்த்திருக்க வழியில்லை.

தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 16 பிட். ஆகவே தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 70தான். அந்த 70ம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. 'சாப்பிட்டியா' என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து. போனின் கணக்கில் துணைக்கால் ஒன்று, புள்ளி ஒன்று, மேல்விலங்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிரிந்து பன்னிரண்டு. அதாவது 192 பிட். அதையே ஆங்கில எழுத்தில் நாம் அடித்த மாதிரி அடித்தால் ஏழு எழுத்து, 49 பிட். ஏறத்தாழ நாலு மடங்கு மிச்சம். அதோடு, தமிழ் எழுத்துரு இல்லாத போனுக்கு அனுப்பினால் எதிர்முனையில் வெறும் கட்டம் கட்டமாகத்தான் விழும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிற பழக்கத்துக்கு மோகமும் சோம்பலும்தான் காரணம் என்று திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழை நேசித்த பிள்ளைகளும் அப்படித்தான் எழுதினார்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு செய்தி, அதற்குள் சொல்ல நினைத்தது அடங்க வேண்டும். பின்னாளில் தமிழ் மெனுவும் விசையில் தமிழ் எழுத்தும் வந்தன. அதற்குள் கை பழகிவிட்டது.

கை பழகியது என்று சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. எட்டு விசையில் 26 எழுத்து. அந்த 'சாப்பிட்டியா'வை அடிக்க 7ஆம் விசையை நாலு தரம், 2ஐ ஒரு தரம், மறுபடி 7ஐ ஒரு தரம், 8ஐ ஒரு தரம், 4ஐ மூன்று தரம், 9ஐ மூன்று தரம், 2ஐ ஒரு தரம்: மொத்தம் பதினாலு தட்டு. 'அம்மா' என்று அடிப்பதற்கு இன்னொரு வித்தை வேண்டும். 'ம்'முக்குரிய எழுத்து அடுத்தடுத்து இரண்டு தரம் வருவதால், ஒன்றை அடித்துவிட்டு ஒரு கணம் காத்திருந்து அடுத்ததை அடிக்க வேண்டும். போனே வார்த்தையை ஊகிக்கிற வசதி இருந்தது. அதற்கு ஆங்கில அகராதி மட்டும் தெரியும் என்பதால் நாங்கள் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவோம். என்னோடு படித்த ஒருத்தன் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, திரையைப் பார்க்காமலே ஒரு முழு மெசேஜ் அடித்து அனுப்புவான். வாத்தியார் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பான். கண்ணாடித் திரையில் அந்த வித்தை செல்லாது. விரல் நுனிக்கு மேடு பள்ளம் தெரிய வேண்டும். 5ஆம் விசையில் ஒரு சின்னப் புடைப்பு இருக்குமே, அது அதற்காகத்தான்.

மெசேஜ் பேக் போட்டிருந்தாலும் தீபாவளி, பொங்கலுக்குச் செல்லாது. அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் முழுக் காசு. அதனால் வாழ்த்தெல்லாம் முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கே வந்து குவிந்துவிடும். பொங்கலுக்கு முதல் நாளே கரும்பு ருசித்த மாதிரி இருக்கும்.

போன் என்ற பொருளைப் பற்றிப் பேசினால் எங்கள் பக்கம் நோக்கியா 1100 என்ற ஒரே செட்டைச் சொன்னாலும் போதும். 2003ல் வந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல் விற்றது. 96க்கு 65 புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. காமிரா, ரேடியோ, நெட் எதுவும் கிடையாது. தலைப்பக்கம் ஒரு டார்ச். சர்வீஸ் மேசையில் அதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பின்மூடி, பேட்டரி, முன்பேனல் மூன்றையும் கழற்ற நகம் போதும். முன்பேனலின் உட்புறத்தில் ஒரே துண்டு ரப்பர், விசைகள் மொத்தமும் அதில் வார்த்திருக்கும். விசைக்கும் பேனலுக்கும் இடையே சந்து இல்லாததால் தூசி இறங்காது. செங்கல் சூளைக்காரர், கல்குவாரிக்காரர் கொண்டுவருகிற செட்டில்கூட ரப்பருக்கு வெளியே சிவப்பும் வெள்ளையுமாக மாவு அப்பியிருக்கும். உள்ளே போர்டு பளிச்சென்று இருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றி போர்டை எடுத்தால் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு குட்டித் தகடு, அதற்கடியில் பொன்முலாம் பூசிய வட்டம். பட்டன் வேலை செய்யவில்லை என்றால் அந்த வட்டத்தில் கறை படிந்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரை வைத்து நாலு தேய், கொஞ்சம் தின்னர், ஊதிவிட்டால் முடிந்தது. இருபது ரூபாய் வேலை. கிணற்றடியில் தண்ணீரில் விழுந்த செட்டைப் பிரித்து, தின்னரில் பிரஷ் வைத்துக் கழுவி, மேசை விளக்குக்குக் கீழே ஒரு மணி நேரம் காயவைத்து உயிர் கொடுத்தது எத்தனையோ தரம்.

பேட்டரியைக் கழற்றினால் பின்னால் ஒட்டியிருக்கிற தாளில் இந்தியாவில் செய்தது என்று போட்டிருக்கும் செட்டுகள் 2006க்கு அப்புறம் வந்தன. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா அந்த வருஷம் ஆலை தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பரில் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது.

டார்ச்சைச் சொன்னேன். 2012ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்தை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது ஸ்மார்ட்போன் வந்துவிட்டது. ஆனால் சாயங்காலத்துக்குள் செத்துவிடும். பட்டன் போன் வைத்திருந்தவர்கள் நாலு நாளைக்கு ஒருதரம் சார்ஜ் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். என் அப்பத்தா ராத்திரி கொல்லைப்புறம் போவதற்கும், கோழியைக் கூடையில் கவிழ்ப்பதற்கும், மாத்திரையைத் தேடுவதற்கும் அந்த டார்ச்தான். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. எண்ணும் தெரியாது. 2ஐ அமுக்கிப் பிடித்தால் அப்பாவுக்குப் போகும்படியும், 3ஐப் பிடித்தால் தேனி அத்தைக்குப் போகும்படியும் செட் பண்ணிக் கொடுத்தேன். எந்த விசை யாருக்கு என்று தெரிய, அக்காவின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். அப்பாவுக்குச் சிவப்பு, அத்தைக்குப் பச்சை, எனக்கு மஞ்சள். வேர்வையில் பொட்டு உதிர்ந்துவிடும். மாதம் ஒருதரம் புதுப் பொட்டு. ஒருமுறை சிவப்பும் பச்சையும் மாறிப்போய், அப்பாவைத் திட்ட வேண்டியதை அத்தையிடம் திட்டித் தீர்த்துவிட்டார். அத்தை கடைசிவரை கேட்டுவிட்டுத்தான், "ஆத்தா, நாந்தான் பேசுறேன்" என்றாராம்.

டவர் பிரச்சினைக்கும் ஜனங்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நாகமலைக்கு அந்தப் பக்கம், அழகர்மலை அடிவாரம் மாதிரி இடங்களில் மலை குறுக்கே நின்று அலையை மறைக்கும். வீட்டில் ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் இரண்டு பாயிண்ட் டவர் வரும்: ஜன்னல் ஓரம், மாடிப்படித் திருப்பம், வேப்ப மரத்துக் கிளை. அங்கே ஓர் ஆணி அடித்து, ஒரு பாலித்தீன் பையை மாட்டி, அதற்குள் போனைப் போட்டு வைத்துவிடுவார்கள். மணி அடித்தால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் ஓடுவார்கள். போன் ஓர் ஆளின் சொத்தாக இல்லாமல் வீட்டுச் சொத்தாக இருந்தது அதனால்தான்.

மணி அடிப்பதற்கு முன்னாலேயே போன் வரப்போவது தெரிந்துவிடும். கடை ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று 'டிட்டிடி டிட்டிடி' என்று குறுக்கே ஒரு சத்தம் வரும். எல்லாரும் அவரவர் பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒரே அலைவரிசையை எட்டுப் போன்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொரு போனும் நொடிக்குச் சுமார் 217 தரம் பேசிப் பேசி நிறுத்தும். அந்த வெட்டு ஒலிபெருக்கியின் வயரில் ஏறிக் காதுக்குக் கேட்கிற சத்தமாகிவிடும். கூப்பிடுகிறவருக்கு இன்னும் ரிங் போயிருக்காது. இங்கே ரேடியோ சொல்லிவிடும்.

இந்தக் கதையில் மேலூருக்கு ஓர் இடம் உண்டு, பலருக்குத் தெரியாது. செல்போன் கிராமத்துக்கு வராத 2001ல், சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். ஒரே இணைப்பில் போனும் பேசலாம், கம்ப்யூட்டரில் நெட்டும் பார்க்கலாம். கண் வலி என்று வந்தவரின் கண்ணை வெப் காமிராவில் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தாலுகா ஆபீஸ் சான்றிதழுக்கு அங்கிருந்தே மனுப் போட்டார்கள். சில வருஷத்தில் பல மையங்கள் மூடிப்போயின. ஆனாலும் இன்று போனில் நாம் செய்கிற காரியங்களில் இரண்டு மூன்றை மேலூர்ப் பக்கத்துச் சம்சாரிகள் அப்போதே செய்து பார்த்துவிட்டார்கள். அதை யாராவது விரிவாக எழுத வேண்டும்.

கடைசிக் கட்டம் சைனா செட்டுடையது. இரண்டு சிம், நாலு ஸ்பீக்கர், தெருமுனை வரை கேட்கிற சத்தம், இரண்டாயிரம் ரூபாய். மெமரி கார்டைக் கொடுத்தால் நாற்பது ஐம்பது ரூபாய்க்குப் பாட்டு ஏற்றிக் கொடுப்போம். 'ராஜா பாட்டு மட்டும்', 'சாமி பாட்டும் கொஞ்சம் போடு' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அந்தச் செட்டுகள் பலவற்றில் ஒவ்வொரு போனுக்கும் இருக்க வேண்டிய 15 இலக்க அடையாள எண் கிடையாது. பாதுகாப்புக் காரணம் சொல்லி 2009 நவம்பர் முடிவோடு அப்படிப்பட்ட போன்களுக்கு இணைப்பைத் துண்டிக்க மத்திய அரசு உத்தரவிட்டது. நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அடித்துப் பார்த்துவிட்டு, வெறும் சைபராக வருகிறதே என்று கலங்கிப்போய் வந்தவர்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. சம்பளத்தைச் சேர்த்துவைத்து வாங்கியது அவர்களுக்கு.

2011 ஜனவரியில் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம் என்று வந்தது. 9842ஐப் பார்த்து ஏர்செல் என்று சொன்ன கணக்கு அன்றோடு போயிற்று. பி.பி.எல். அதற்கு முன்பே ஹட்ச் ஆகி, ஹட்ச் வோடஃபோன் ஆகியிருந்தது. ஏர்செல் 2018ல் திவால் மனுப் போட்டது. சித்தப்பா கடையில் இப்போது ஜெராக்ஸ் எடுக்கிறார்கள்.

மிஸ்டு கால் மட்டும் வயலுக்குப் போய்விட்டது. போன மாதம் அலங்காநல்லூர்ப் பக்கம் மாமா வீட்டில் ராத்திரி தங்கியிருந்தேன். பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் பகலில் கொஞ்சம், ராத்திரியில் கொஞ்சம் என்று முறை வைத்து வரும். முன்பெல்லாம் டார்ச்சை எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்தபடி வரப்பில் நடந்து போய் மோட்டாரைப் போட வேண்டும். இப்போது கிணற்றடிப் பெட்டிக்குள் ஒரு மொபைல் ஸ்டார்ட்டர், அதற்குள் ஒரு சிம். ராத்திரி பன்னிரண்டரைக்கு மாமா கட்டிலில் படுத்தபடியே தலையணைக்கடியில் கைவிட்டுப் பட்டன் போனை எடுத்தார். கண்ணைத் திறக்காமல் 4ஐ அமுக்கிப் பிடித்தார். ஒரு ரிங், கட் பண்ணினார். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மோட்டாரு எடுத்துட்டாளா?" என்றார் அத்தை, உள்ளே இருந்து.

"எடுத்துட்டா" என்று சொல்லிவிட்டு மாமா புரண்டு படுத்துக்கொண்டார்.